முடித்திருப்பேன், மறந்திருப்பான்: பிரெஞ்சின் ஃப்யுத்யுர் ஆந்தெரியேர், தமிழ் வழியாக

"நாளைக்குள் முடித்திருப்பேன்." "பாவம், ரயிலைத் தவறவிட்டிருப்பான்." இரண்டையும் யோசிக்காமலே சொல்லிவிடுகிறோம். முதல் வாக்கியம் இனி நடக்கப்போவதைப் பற்றியது. இரண்டாவது, ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கலாம் என்ற ஊகம். ஆனால் இரண்டுக்கும் வினையின் வால் ஒன்றுதான்: இருப்பேன், இருப்பான்.

பிரெஞ்சிலும் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே காலம் பார்க்கிறது. அதன் பெயர் ஃப்யுத்யுர் ஆந்தெரியேர். வரப்போகும் ஒரு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும் செயலைச் சொல்வது அதன் முதல் வேலை. ஊகம் இரண்டாவது வேலை.

நம்மில் பெரும்பாலோர் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். மற்ற இடங்களில் அது உதவலாம், இங்கே கெடுத்துவிடும். "நான் முடித்ததும் கூப்பிடுகிறேன்" என்பதில் 'முடித்ததும்' வருகிற இடத்தில் ஆங்கிலம் நிகழ்காலத்தைப் போடும். அதைப் பார்த்துப் பழகியவர் பிரெஞ்சிலும் நிகழ்காலத்தைப் போட்டுவிடுவார், அது பிழை. தமிழோ 'முடித்த' என்று செயல் முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. பிரெஞ்சும் அதைத்தான் கேட்கிறது. அதனால் இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போகலாம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். உங்களுக்குச் சாதாரண எதிர்காலமும் (ஃப்யுத்யுர் சேம்ப்ல்), 'முடித்தேன், வந்தேன்' என்று சொல்லும் பஸ்ஸே கொம்போஸேயும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பஸ்ஸே கொம்போஸே தெரியாது என்றால் அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். இந்தக் காலத்தின் பாதி அதுதான். அப்புறம், பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆகவே உங்களுக்குக் கிடைப்பது ஒலி மட்டும். எழுத்துக்கூட்டலுக்கு ஒரு வினைத்திரிபு அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 'ழ' என்று எழுதுவது ழான், ழாக் என்ற பிரெஞ்சுப் பெயர்களில் வரும் ஒலி. 'த்யு, வ்யு' என்று வந்தால் உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லுங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ன்' பெரும்பாலும் மூக்கொலி. நாக்கை மேலே ஒட்ட வேண்டாம்.

முதல் படி: துணைவினை

'முடித்திருப்பேன்' என்பதை உடைத்தால் முடித்து + இருப்பேன். பிரெஞ்சிலும் இரண்டே துண்டுதான், வரிசை மட்டும் தலைகீழ். 'இருப்பேன்' முன்னால் வரும், 'முடித்து' பின்னால் வரும்: ழோரே ஃபினி.

நமக்கு 'இரு' ஒன்றுதான் துணைவினை. பிரெஞ்சுக்கு அவ்வார், ஏத்ர் என்று இரண்டு உண்டு. இரண்டையும் சாதாரண எதிர்காலத்தில் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அவ்வார்: ழோரே, த்யு ஒரா, இல் ஒரா, எல் ஒரா, ஓன் நொரா, நூ ஸொரோன், வூ ஸொரே, இல் ஸொரோன்.

ஏத்ர்: ழ ஸெரே, த்யு ஸெரா, இல் ஸெரா, எல் ஸெரா, ஓன் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன்.

விகுதிகளைக் கவனித்தால் பாரம் கொஞ்சம் குறையும். ஏ, ஆ, ஆ, ஓன், ஏ, ஓன். இவை அவ்வார் வினையின் நிகழ்கால வடிவங்களிலிருந்தே வந்தவை. லத்தீனின் பிற்காலப் பேச்சில் வினையின் மூல வடிவத்தோடு 'கொண்டிருக்கிறேன்' என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்து எதிர்காலம் சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் சொல் தேய்ந்து வாலாக ஒட்டிக்கொண்டது. நிகழ்கால அவ்வார் தெரிந்தவருக்கு எதிர்கால விகுதிகளும் பாதி தெரிந்த மாதிரிதான்.

இங்கே தமிழ்க் காதுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 'அவர்கள்' வரும்போது அவ்வாரும் ஏத்ரும் கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றாகிவிடும்: இல் ஸொரோன், இல் ஸெரோன். பிரெஞ்சுக்காரருக்கு முதலாவதில் வரும் ஸ அதிர்கிற ஒலி, வண்டு ரீங்கரிப்பது போல. இரண்டாவதில் வருவது 'ஸரஸ்வதி'யில் வரும் சாதாரண ஸ. தமிழ் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை, அதனால் நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அவ்வார் என்றால் அதிர்வு தெரிய வேண்டும். நூ ஸொரோன், வூ ஸொரே ஆகியவற்றிலும் அதே அதிர்வுதான்.

இரண்டாம் படி: வினையின் முடிந்த வடிவம்

இதைப் பார்த்திஸிப் பஸ்ஸே என்பார்கள். பஸ்ஸே கொம்போஸேயில் பயன்படுத்தும் அதே வடிவம், எதையும் மாற்ற வேண்டியதில்லை. 'ஏ-ர்' வகை வினைகள் ஏ என்று முடியும்: பார்லே (பேசி), மான்ழே (சாப்பிட்டு). 'இ-ர்' வகையில் பெரும்பாலானவை இ என்று முடியும்: ஃபினி (முடித்து). 'ர்-ஈ' வகையில் பல, குவித்த உதட்டோடு முடியும்: வாந்த்யு (விற்று), அத்தாந்த்யு (காத்திருந்து).

ஒழுங்குக்கு அடங்காதவைதான் அன்றாடம் தேவைப்படுகிறவை. ஃபே (செய்து), ப்ரீ (எடுத்து), மீ (வைத்து), தி (சொல்லி), எக்ரி (எழுதி), ல்யு (படித்து), வ்யு (பார்த்து), ரெஸ்யு (பெற்று), ஊவேர் (திறந்து). ஏத்ர் வினைக்கு எத்தே. அவ்வார் வினைக்கு வருவது உதட்டைக் குவித்த ஒற்றை ஒலிதான். ஈ-யூ என்று இரண்டெழுத்து போட்டாலும் 'யு' மாதிரி ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் அதை எழுத்துக்கூட்டி 'ஏ-யூ' என்று வாசிப்பார்கள், அப்படிச் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது.

மூன்றாம் படி: அவ்வாரா, ஏத்ரா?

பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார். சந்தேகம் வந்தாலும் அவ்வார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஏத்ர் கேட்பவை இரண்டு கூட்டம். முதல் கூட்டம் சிறியது, இடம் மாறுவதையும் நிலை மாறுவதையும் சொல்பவை: அலே (போ), வெனீர் (வா), அரீவே (வந்துசேர்), பார்த்தீர் (கிளம்பு), ஆந்த்ரே (நுழை), ஸோர்த்தீர் (வெளியே போ), மோன்தே (ஏறு), தெஸாந்த்ர் (இறங்கு), தோம்பே (விழு), ரான்த்ரே (வீடு திரும்பு), நேத்ர் (பிற), மூரீர் (இற), தெவ்னீர் (ஆகு). ரெஸ்தே (தங்கு) மட்டும் எங்கேயும் நகராமலே இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

'அசைந்தால் ஏத்ர்' என்று மட்டும் விதி போட்டுக்கொள்ளாதீர்கள். ஓடுவதும் நடப்பதும் அசைவுதான், ஆனால் அவற்றுக்கு அவ்வார்: ழோரே கூர்யு, ழோரே மார்ஷே.

இன்னொரு சிக்கல். மோன்தே, தெஸாந்த்ர், ஸோர்த்தீர், ரான்த்ரே ஆகியவை 'எதை?' என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டால் அவ்வார் பக்கம் தாவிவிடும். நான் மாடிக்கு ஏறியிருப்பேன் என்றால் ழ ஸெரே மோன்தே. பெட்டிகளை மாடிக்கு ஏற்றியிருப்பேன் என்றால் ழோரே மோன்தே லே வலீஸ். தமிழில் ஏறு, ஏற்று என்று வினையே மாறுகிறது. இறங்கு, இறக்கு என்பதும் அப்படியே. உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'ஏற்று, இறக்கு' வந்தால் அவ்வார். 'ஏறு, இறங்கு' வந்தால் ஏத்ர். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இவ்வளவு வசதியான அடையாளம் கிடைக்காது.

இரண்டாவது கூட்டம், 'தன்னைத்தானே' வகை வினைகள் முழுவதும். ழ ம ஸெரே லெவே (எழுந்திருப்பேன்), எல் ஸ ஸெரா கூஷே (படுத்திருப்பாள்), நூ நூ ஸெரோன் ரான்கோந்த்ரே (சந்தித்திருப்போம்).

நான்காம் படி: எழுதும்போது மட்டும் வரும் தொல்லை

ஏத்ர் வந்தால் வினையின் முடிந்த வடிவம் எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். பெண் என்றால் கடைசியில் ஒரு ஈ, பலர் என்றால் ஒரு எஸ், பல பெண்கள் என்றால் ஈ-எஸ். எல் ஸெரா பார்த்தி என்பதில் காதுக்கு ஒன்றும் தெரியாது, எழுத்தில் மட்டும் ஒரு ஈ கூடும். பேசினால் கவலையில்லை, தேர்வில் மதிப்பெண் போகும்.

அவ்வார் வந்தால் ஒத்துப்போக வேண்டாம், ஒரே ஒரு விலக்கைத் தவிர. 'எதை' என்பதற்கான பதில் வினைக்கு முன்னாலேயே வந்துவிட்டால் அதோடு ஒத்துப்போகும். லா லெத்ர் க ழோரே எக்ரித் (நான் எழுதியிருக்கப்போகும் கடிதம்). 'எக்ரி' இங்கே 'எக்ரித்' ஆகிவிட்டது, காரணம் லெத்ர் பெண்பால், வினைக்கு முன்னால் நிற்கிறது. பிரான்சில் படித்தவர்களே தடுமாறுகிற இடம் இது. தொடக்கத்தில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

'தன்னைத்தானே' வினைகளிலும் இதே மாதிரி நுணுக்கம் உண்டு. எல் ஸ ஸெரா லவே என்றால் அவள் குளித்திருப்பாள், ஈ சேரும். எல் ஸ ஸெரா லவே லே மேன் என்றால் கைகளைக் கழுவியிருப்பாள், 'கைகள்' பின்னால் வருவதால் ஈ சேராது.

இல்லை, ஏற்கெனவே, அவனை: எது எங்கே?

இரண்டு துண்டில் முதல் துண்டைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கும். மறுப்பு துணைவினையை இரண்டு பக்கமும் அணைக்கும்: ழ நொரே பா ஃபினி (முடித்திருக்க மாட்டேன்). 'ஏற்கெனவே' நடுவில் உட்காரும்: ழோரே தேழா மான்ழே. 'அவனை, அதை' துணைவினைக்கு முன்னால் வரும்: ழ ந லொரே பா வ்யு (அவனைப் பார்த்திருக்க மாட்டேன்). 'ஒன்றும்' நடுவில் வரும், 'ஒருவரையும்' கடைசிக்குப் போய்விடும்: ழ நொரே ரியேன் வ்யு, ஆனால் ழ நொரே வ்யு பெர்ஸொன். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், வாயில் பழகிவிடும்.

ஐந்தாம் படி: 'ததும், த பிறகு' வந்தால்

இதுதான் பாடத்தின் மையம். ஒரு வாக்கியத்தில் இரண்டு செயல்கள், இரண்டும் இனிமேல்தான் நடக்கும், ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. முன்னதற்கு ஃப்யுத்யுர் ஆந்தெரியேர், பின்னதற்குச் சாதாரண எதிர்காலம்.

நான் முடித்ததும் உன்னைக் கூப்பிடுவேன்: கான் ழோரே ஃபினி, ழ தாபெல்ரே.

'முடித்ததும்' என்ற ஒரு சொல் பிரெஞ்சில் 'கான் ழோரே ஃபினி' என்று விரிகிறது. தமிழில் அங்கே இறந்தகால அடையாளம் இருக்கிறது, ஆள் யார் என்ற அடையாளம் இல்லை. பிரெஞ்சில் ஆளையும் சொல்ல வேண்டும், எதிர்காலம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே மாற்றும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். யார் முடிப்பது? முக்கிய வினை எதிர்காலமா? முதல் செயல் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்ததா? இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் பதில் ஆமாம் என்றால் 'ழோரே, ழ ஸெரே' வரிசைக்குப் போய்விடலாம்.

'கூப்பிடுகிறேன்' என்று பேச்சில் சொன்னாலும் பொருள் எதிர்காலம்தான் என்பதை மறக்க வேண்டாம். "சாப்பிட்டுட்டு வரேன்" என்பதில் நிகழ்காலம் இருப்பதைப் பார்த்து ஏமாறுவது நம் ஆட்களுக்கு வழக்கம்.

இந்தக் கட்டமைப்பைக் கொண்டுவரும் இணைப்புச் சொற்கள் கொஞ்சம்தான். கான், லோர்ஸ்க் இரண்டும் 'போது'. லோர்ஸ்க் எழுத்து நடை. தே க, ஓஸித்தோ க இரண்டும் 'உடனே'. யுன் ஃபுவா க என்றால் 'ஒருமுறை முடிந்துவிட்டால்'. அப்ரே க என்றால் 'பிறகு'.

இவற்றை நீங்கள் அதிகம் சந்திக்கும் இடம் அரசு அலுவலகக் கடிதங்கள்தான். பாரிஸின் லா ஷப்பேல் பக்கம் குடியேறிய நம் மக்களிடம் கேட்டுப் பாருங்கள், ப்ரெஃபெக்த்யுர் (மாவட்ட அரசு அலுவலகம்) கடிதங்களில் இந்த வகை வாக்கியம் எப்படி வரும் என்று சொல்வார்கள். லோர்ஸ்க் வோத்ர் தொஸியே ஒரா எத்தே எக்ஸாமினே, வூ ரெஸெவ்ரே... அதாவது, உங்கள் கோப்பு பரிசீலிக்கப்பட்ட பிறகு உங்களுக்கு இன்னது வந்துசேரும். இங்கே 'பரிசீலிக்கப்பட்ட' என்று செயப்பாட்டு வினை வருவதால் நடுவில் எத்தே சேர்ந்திருக்கிறது. ஒரா எத்தே என்று கண்ணில் பட்டால் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை, காத்திருங்கள் என்று பொருள்.

எழுவாய் இரண்டிலும் ஒருவரே என்றால், 'பிறகு' சொல்ல இதைவிட எளிதான வழி இருக்கிறது. சாப்பிட்ட பிறகு தூங்குவேன்: அப்ரே ஸவ்வார் மான்ழே, ழ தோர்மிரே. அவ்வார் அப்படியே மூல வடிவத்தில் நின்றுவிடும், திரிபே வேண்டாம். இரண்டு பேர் வேறு வேறு ஆட்கள் என்றால் மட்டும் அப்ரே க. அப்ரே க-வுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் பலர் ஸுப்ழோங்க்திஃப் (விருப்பம், ஐயம் போன்றவற்றுக்கான வினை வடிவம்) போட்டுப் பேசுவதைக் கேட்பீர்கள். இலக்கண நூல்கள் ஒப்புக்கொள்வதில்லை. நீங்கள் தேர்வில் எதிர்காலத்தையே எழுதுங்கள்.

இரண்டு செயல்களும் ஒரே நேரத்தில் நடந்தால் இந்தக் காலம் தேவையில்லை. நீ வரும்போது சாப்பிடுவோம்: கான் த்யு அரீவ்ரா, ஓன் மான்ழ்ரா. 'வரும்போது' என்றால் இரண்டுமே சாதாரண எதிர்காலம். 'வந்த பிறகு' என்றால் முதலாவது கான் த்யு ஸெரா அரீவே.

அதே வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம்: நீ வரும்போது நான் கிளம்பியிருப்பேன். கான் த்யு அரீவ்ரா, ழ ஸெரே தேழா பார்த்தி. இந்த முறை முன்னதாக நடப்பது முக்கிய வாக்கியத்தில் இருக்கிறது. எந்தப் பாதியில் இருக்கிறது என்பது முக்கியமல்ல, எது முதலில் முடிகிறது என்பதைப் பாருங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை உடனே பயன்படுத்தலாம்: தான் க த்யு நொரா பா ஃபினி தே துவுவார், த்யு ந ஸோர்த்திரா பா. வீட்டுப்பாடத்தை முடிக்காத வரை வெளியே போக மாட்டாய். தான் க வோடு மறுப்பும் சேர்ந்து 'அது நடக்கும் வரை இது நடக்காது' என்ற மிரட்டல். பிரெஞ்சுப் பெற்றோரின் வாயில் தினமும் புழங்குவது.

ஒரு தடை உண்டு. 'ஆல்' என்று நிபந்தனை சொல்லும் ஸி-க்குப் பின்னால் எதிர்காலம் எந்த வடிவத்திலும் வரக்கூடாது. ஆறு மணிக்குள் முடித்துவிட்டால் சினிமாவுக்குப் போவோம்: ஸி த்யு ஆ ஃபினி அவான் ஸி ஸேர், ஓன் நிரா ஓ ஸினேமா. இங்கே 'த்யு ஒரா' என்று போட்டால் பள்ளிப்பிள்ளையும் திருத்திவிடும். ஆனால் ஸி 'ஆ' என்ற ஐயத்தைக் காட்டினால் தடை இல்லை: முடித்திருப்பானா என்று தெரியவில்லை, ழ ந ஸே பா ஸில் ஒரா ஃபினி.

ஆறாம் படி: 'குள்' வந்தால்

இரண்டாவது செயல் இல்லாமல் ஒரு நேரத்தை மட்டும் எல்லையாக வைக்கலாம். திங்களுக்குள் இந்தப் புத்தகத்தைப் படித்திருப்பேன்: தீஸி லன்தி, ழோரே ல்யு ஸ லீவ்ர். 'குள்' என்பதற்குத் தீஸி மிகப் பொருத்தம். அவான் என்றால் 'முன்', தான் தெ ஸேர் என்றால் 'இன்னும் இரண்டு மணி நேரத்தில்'. இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை.

பேச்சில் மட்டும் ஒரு விஷயம். அருகில் இருக்கும் நேரம் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் சோம்பேறித்தனமாக பஸ்ஸே கொம்போஸேயே போட்டுவிடுவார்கள்: ழே ஃபினி தான் ஸேங்க் மின்யுத். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்பது மாதிரி. "இதோ வந்துட்டேன்" என்று இன்னும் வராமலே நாம் சொல்வதில்லையா, அதே வழக்கம். கேட்டால் குழம்ப வேண்டாம். எழுதும்போது பின்பற்ற வேண்டாம்.

ஊகம்: மறந்திருப்பான்

பாடப்புத்தகங்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. தமிழருக்கு இதுதான் மிக எளிதான பகுதி. காலையிலிருந்து அவனிடமிருந்து போன் வரவில்லை. இல் ஒரா ஊப்ளியே: மறந்திருப்பான். ரயில் வந்துவிட்டது, அவன் இறங்கவில்லை. இல் ஒரா மாங்க்கே ஸோன் த்ரேன்: தவறவிட்டிருப்பான். எதிர்கால வடிவம்தான், ஆனால் பேசுவது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த ஊகம் பிரெஞ்சில் கொஞ்சம் எழுத்து நடையாகவும் வயதானவர் பேச்சாகவும் ஒலிக்கும். நண்பர்களிடம் இல் ஆ த்யு ரத்தே ஸோன் த்ரேன் என்று சொல்வதே இயல்பு. தமிழில் சகட்டுமேனிக்கு 'இருப்பான்' போடுவது போலப் பிரெஞ்சில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரா போட்டால், கேட்பவர் செய்தித்தாள் வாசிப்பதாக நினைப்பார்.

பேச்சில் நன்றாகவே உயிரோடு இருக்கும் இன்னொரு பயன்பாடு உண்டு. ழ தொரே ப்ரேவ்ன்யு! "நான் எச்சரித்துவிட்டேன், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்ற பொருள். எச்சரிப்பது இப்போதுதான், ஆனால் நாளைக்கு விபரீதம் நடக்கும்போது 'எச்சரித்தவன்' என்ற பெயர் எனக்கு இருக்கும், அதற்காக எதிர்காலம்.

செய்தி வாசிப்பவர்களுக்கு

பிரெஞ்சுச் செய்தியாளர்களும் வரலாற்றாசிரியர்களும் நடந்து முடிந்த பெரிய சம்பவங்களைத் திரும்பிப் பார்த்துக் கணக்கு முடிக்கும்போது இந்தக் காலத்தை விரும்பிப் போடுவார்கள். 1946இல் தொடங்கி 1958இல் முடிந்த பிரான்சின் நான்காம் குடியரசைப் பற்றி: லா கத்ரியெம் ரெப்யுப்ளிக் ஒரா த்யுரே தூ ஸான், 12 ஆண்டுகள் நீடித்தது. ஈஃபில் கோபுரம் 1887 ஜனவரியில் தொடங்கி 1889 மார்ச்சில் எழுந்து நின்றது: லா கோன்ஸ்த்ர்யுக்ஸியோன் ஒரா த்யுரே இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல்.

'இல் ஒரா ஃபல்யு' என்பது தலைப்புச் செய்திகளின் செல்லப்பிள்ளை. 'இவ்வளவு தேவைப்பட்டது' என்று அர்த்தம், கூடவே 'இவ்வளவு நாளா?' என்ற பெருமூச்சும் ஒட்டிக்கொண்டு வரும். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: இல் ஒரா ஃபல்யு அத்தாந்த்ர் 1944. 2019 ஏப்ரலில் தீப்பிடித்த நோத்ர்-தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திறந்தது, அதற்கும் இதே சொல் பொருந்தும். இங்கே 'தேவைப்பட்டிருக்கும்' என்று தமிழில் மாற்றாதீர்கள். வெறும் இறந்தகாலமாகவே வாசியுங்கள்.

தமிழ் ஏமாற்றும் மூன்று இடங்கள்

தமிழ் வழியாகப் போங்கள் என்று சொன்னேன், ஆனால் எல்லா 'இருப்பேனும்' ஃப்யுத்யுர் ஆந்தெரியேர் இல்லை.

காத்திருப்பேன். இதில் 'காத்திரு' என்பதே வினை. சாதாரண எதிர்காலம் போதும்: ழத்தாந்த்ரே. விழித்திருப்பேன், பொறுத்திருப்பேன் ஆகியவையும் இந்த வகை. செயல் முடிகிறதா, நீள்கிறதா என்று கேளுங்கள். நீண்டால் இந்தக் காலம் இல்லை.

உட்கார்ந்திருப்பேன். நிலையத்தில் நீ வரும்போது நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன் என்றால் அது ஒரு நிலை. ழ ஸெரே அஸி என்பார்கள். வடிவம் பார்ப்பதற்கு ஃப்யுத்யுர் ஆந்தெரியேர் போலவே இருக்கும், ஆனால் 'அஸி' இங்கே பெயரடை.

மூன்றாவதுதான் மோசமானது. நீ கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். நடக்காமல் போனதைப் பற்றிய பேச்சு இது. பிரெஞ்சில் இதற்குக் கோந்திஸியோனெல் பஸ்ஸே என்ற தனி வடிவம்: ஸி த்யு மாவே ஆப்லே, ழ ஸெரே வென்யு. ஒலியில் பலர் வித்தியாசமே காட்டுவதில்லை. எழுத்தில் ஸெரேயின் கடைசியில் ஒரு எஸ் கூடும். தமிழிலோ 'வந்திருப்பேன்' இரண்டுக்கும் ஒன்றே. வாக்கியத்தில் 'இருந்தால்' என்ற சொல் தலை காட்டினால் எஸ் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு நாலு

பி1 நிலைத் (ஐரோப்பிய மொழித்தர அளவில் இடைநிலை) தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இந்த மாதிரி வாக்கியங்களைத் தமிழில் எழுதிவைத்து மாற்றிப் பழகலாம். விடையை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

மழை விட்டதும் வெளியே போவோம். 'விட்டதும்' வந்துவிட்டது, 'உடனே' என்பதால் தே க. தே க லா ப்ளுயி ஒரா ஸெஸே, நூ ஸோர்த்திரோன்.

நீ இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நான் போயிருப்பேன். 'படிக்கும்போது' சாதாரண எதிர்காலம், 'போயிருப்பேன்' ஏத்ரோடு. கான் த்யு லிரா ஸெத் லெத்ர், ழ ஸெரே பார்த்தி. எழுதுபவர் பெண் என்றால் கடைசியில் ஈ.

பத்து மணிக்குள் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். தூங்கிப்போவது பிரெஞ்சில் 'தன்னைத்தானே' வினை, ஆகவே ஏத்ர். அவான் தி ஸேர், லே ஸான்ஃபான் ஸ ஸெரோன் ஆந்தோர்மி. கடைசியில் எழுத்தில் எஸ். ஸெரோன் சொல்லும்போது தொண்டை அதிரக்கூடாது.

நீங்கள் படிவத்தைத் திருப்பி அனுப்பாத வரை உங்கள் கோப்பு பரிசீலிக்கப்படாது. தான் க வூ நொரே பா ரான்வுவாயே ல ஃபோர்ம்யுலேர், வோத்ர் தொஸியே ந ஸெரா பா எக்ஸாமினே. இதில் இரண்டாவது பாதியில் 'ஸெரா எக்ஸாமினே' இருப்பதைப் பார்த்து இதுவும் ஃப்யுத்யுர் ஆந்தெரியேர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். எக்ஸாமினே அவ்வார் கேட்கும் வினை. அத்தகைய வினையோடு ஏத்ர் எதிர்காலத்தில் வந்தால் அது வெறும் செயப்பாட்டு எதிர்காலம், 'பரிசீலிக்கப்படும்'. 'பரிசீலிக்கப்பட்டிருக்கும்' என்று சொல்ல வேண்டுமானால் மேலே பார்த்தபடி நடுவில் எத்தே வந்து, ஸெரா இருந்த இடத்தில் ஒரா உட்காரும்.